சேகோ ஆலை கேஸும் துளை விட்ட சிலிக்கானும்

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையை ஒட்டி எங்கள் பெரியப்பாவின் சேகோ (ஜவ்வரிசி) ஆலை இருக்கிறது. கிழங்கு வரத்து உள்ள மாதங்களில் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனாலே புளித்த வாடை ஜன்னல் வழியாக ஏறிவிடும். மரவள்ளி என்னும் குச்சிக்கிழங்கைக் கழுவிய தண்ணீரும், மாவு அடியில் படிந்தபின் மேலே நிற்கும் தண்ணீரும் முன்பெல்லாம் திறந்த குட்டைக்குத்தான் போகும். இப்போது மூடிய தொட்டிக்குள் போகிறது. அங்கே பாக்டீரியா மிச்ச மாவுச்சத்தைத் தின்று கேஸ் விடுகிறது. தொட்டிக்கு மேல் பலூன் உப்பி நிற்கும். அதிலிருந்து குழாய் இழுத்து, மின்சாரம் எடுக்கும் ஜென்செட் ஓட்டுகிறார்கள்.

ஜென்செட் சில நாள் நன்றாக இழுக்கிறது, சில நாள் திணறுகிறது. பலூன் என்னவோ எல்லா நாளும் ஒரே மாதிரிதான் உப்பியிருக்கிறது. "ஏங்கண்ணு, நீதான் கேஸ் சென்சார்னு என்னமோ பண்றயே, இதுக்குள்ள எரியற கேஸ் எவ்வளவு, எரியாத கேஸ் எவ்வளவுன்னு சொல்ற மாதிரி ஒண்ணு செஞ்சு குடேன்" என்று பெரியப்பா கேட்டார். எரிகிற கேஸ் மீத்தேன், எரியாதது கார்பன் டை ஆக்சைடு. பொதுவாக மீத்தேன் பாதிக்கு மேல் இருக்கும். தொட்டியில் புளிப்பு ஏறினால் மீத்தேன் விடும் பாக்டீரியா சுணங்கி, கார்பன் டை ஆக்சைடின் பங்கு கூடிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது நுண்துளை சிலிக்கான், அதாவது கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த சிலிக்கான். அகச்சிவப்பு ஒளியால் வாயுவை அடையாளம் காண இந்தப் பொருள் எந்த அளவுக்கு உதவும் என்பதுதான் என் கேள்வி. பெரியப்பா கேட்டபிறகு அந்தக் கேள்விக்கு ஒரு முகவரி கிடைத்தது.

முதலில், கடையில் கிடைக்கும் மலிவான சென்சார் ஏன் அங்கே எடுபடாது என்று சொல்லிவிடுகிறேன். எரியும் வாயுவைக் கண்டுபிடிக்கப் பரவலாக இருப்பது வினையூக்கி மணி வகை. உள்ளே சூடான சின்ன மணி ஒன்று இருக்கும். வாயு அதன் மேல் எரிந்து மணியை இன்னும் சூடாக்கும், அந்தச் சூட்டை அளப்பார்கள். எரிய ஆக்சிஜன் வேண்டும். பலூனுக்குள் ஆக்சிஜன் கிடையாது. அப்புறம், சாக்கடை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு பயோகேஸில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். அது வினையூக்கியைக் கெடுத்துவிடும். கெட்டுப்போன சென்சார் 'கேஸ் இல்லை' என்று காட்டிக்கொண்டே இருக்கும் என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. டின் ஆக்சைடு வகை சென்சாரோ மீத்தேனுக்கும் அசையும், சாராய ஆவிக்கும் அசையும், ஈரத்துக்கும் அசையும். எதற்கு அசைந்தது என்று அதனிடம் கேட்க முடியாது.

அகச்சிவப்பு முறையில் இந்தச் சங்கடம் இல்லை. மீத்தேன் மூலக்கூறில் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்திருக்கும் பிணைப்பு தனக்கென்று ஒரு வேகத்தில் அதிர்கிறது. அந்த வேகத்துக்குப் பொருந்தும் ஒளி 3.3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் இருக்கிறது. அந்த ஒளி வந்தால் மீத்தேன் விழுங்கிக்கொள்ளும். கார்பன் டை ஆக்சைடு 4.26 மைக்ரோமீட்டரில் விழுங்கும், கார்பன் மோனாக்சைடு 4.67-க்குப் பக்கத்தில். எரிய வேண்டியதில்லை, ஆக்சிஜன் வேண்டாம், சென்சாரின் மேல் எதுவும் ஒட்ட வேண்டியதும் இல்லை. ஒளி இந்தப் பக்கம் எவ்வளவு கிளம்பியது, அந்தப் பக்கம் எவ்வளவு வந்தது என்ற கணக்குத்தான். காற்றில் பெரும்பங்கு வகிக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் இரண்டு ஒரே அணு சேர்ந்தவை. அவை அதிரும்போது மின்னூட்டம் ஒரு பக்கமாகச் சாய்வதில்லை (மின் இருமுனை மாறுவதில்லை), அதனால் இந்த ஒளியை விழுங்குவதும் இல்லை. குறுக்கே பேசாத சாட்சிகள். வாயுக்கள் அகச்சிவப்பு வெப்பத்தை விழுங்குவதை ஜான் டிண்டால் 1859-இல் லண்டனில் அளந்தார். கண்ணாடி அந்த ஒளியை மறித்துவிடும் என்பதால் குழாயின் இரு முனைக்கும் அவர் வைத்தது பாறை உப்புப் பலகை.

சிலிக்கான் இங்கேதான் உள்ளே வருகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குச் சிலிக்கான் சுவர் மாதிரி நிற்கும், 1.1 மைக்ரோமீட்டரைத் தாண்டிவிட்டால் கதவைத் திறந்துவிடும். மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு இரண்டின் அலைநீளமும் அது வழிவிடும் பகுதியில்தான் இருக்கின்றன. ஓர் அலைநீளத்தை மட்டும் தேர்ந்தெடுக்க, ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவு) கூடிய அடுக்கும் குறைந்த அடுக்கும் மாறி மாறி வேண்டும். ஆனால் கட்டியான சிலிக்கானின் எண் ஏறக்குறைய 3.4. மிக அதிகம். இதை நமக்கு வேண்டிய அளவுக்குக் குறைக்க ஒரு வழி, அதற்குள் காற்றைப் புகுத்துவது. பாதி இடம் காலியானால் எண் 2.1 அளவுக்கு இறங்கும். பத்தில் ஏழு பங்கு காலியானால் 1.5-ஐ ஒட்டி வந்துவிடும். ஒரே பொருள்தான். வேறு வேறு பொருட்களை வாங்கி அடுக்க வேண்டிய வேலையைத் துளையின் அளவை மாற்றியே முடித்துவிடலாம்.

துளை போடுவது எப்படி என்று மாணவர்கள் கேட்கும்போது நான் கொஞ்சம் உற்சாகமாகிவிடுவேன். வெள்ளை டெஃப்ளான் கிண்ணம். கண்ணாடி கூடாது, ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கண்ணாடியையே கரைத்துவிடும். கிண்ணத்தின் அடியில் பி வகை (நேர்மின்னூட்டம் உலவும்) சிலிக்கானின் மெல்லிய தகடான வேஃபர், கசியாமல் இருக்க ரப்பர் வளையம், மேலே வளைத்த பிளாட்டினக் கம்பி. அமிலத்தையும் எத்தனாலையும் கலந்து ஊற்றி, வேஃபரை நேர்மின்வாயாக்கி, சதுர சென்டிமீட்டருக்குச் சில பத்து மில்லி ஆம்பியர் விட வேண்டும். பிளாட்டினக் கம்பியிலும் சிலிக்கான் மேலும் பொடிப்பொடியாக ஹைட்ரஜன் குமிழ்கள் வரும். எத்தனால் சேர்க்கவில்லை என்றால் குமிழ்கள் சிலிக்கானை விட்டு நகராமல் ஒட்டிக்கொண்டு திட்டுத்திட்டாக்கிவிடும்.

இந்த அமிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனமில்லை. நீர்த்த கரைசல் தோலில் பட்டால் உடனே எரியாது, அதனால் பட்டதே தெரியாமல் போகும். ஆனால் உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடிக்கும். இதற்கு மருந்தான கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் இடத்தில் இல்லாத நாளில் எங்கள் ஆய்வகத்தில் அந்தக் குப்பியின் மூடியைத் திறக்க நான் விடுவதில்லை. தனியாக யாரும் செய்யவும் கூடாது.

துளை வளரும் விதம்தான் எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி. அமிலம் சிலிக்கானைக் கரைக்க, சிலிக்கானுக்குள்ளிருந்து நேர்மின்னூட்டம் மேற்பரப்புக்கு வர வேண்டும். துளைகளுக்கு நடுவே நிற்கும் சுவர் மெல்லியதாகிவிட்டால் அதற்குள் மின்னூட்டம் வர முடியாது. ஆகவே சுவர் கரையாது, துளையின் அடிநுனி மட்டும் கீழே கீழே இறங்கிக்கொண்டே போகும். ஏற்கெனவே உருவான பகுதி அப்படியே நிற்கும். நடுவில் மின்னோட்டத்தைக் கூட்டினால் அதற்கப்புறம் வரும் அடுக்கில் மட்டும் காலி இடம் கூடும், குறைத்தால் அடுத்த அடுக்கு அடர்த்தியாகும். கூட்டிக் குறைத்து, கூட்டிக் குறைத்து, ஒரே கிண்ணத்தில், ஒளியைத் திருப்பும் அடுக்கடுக்கான கண்ணாடி ஒன்றை மேலிருந்து கீழாகக் கட்டிவிடலாம். வெற்றிட அறை வேண்டாம், கோடிக்கணக்கில் கருவி வேண்டாம், நிரல் எழுதிய ஒரு மின்னோட்ட மூலம் போதும். எங்களைப் போன்ற ஒரு கல்லூரிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆய்வகம் நடத்துபவர்களுக்குத் தெரியும்.

1956-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆர்தர் உலிர் சிலிக்கானையும் ஜெர்மானியத்தையும் மின்வேதி முறையில் மெருகேற்ற முயன்றபோதுதான் இந்தப் படலம் முதலில் வந்தது. அப்போது அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1990-இல் இங்கிலாந்தில் லீ கேன்ஹம் இந்தத் துளை விட்ட சிலிக்கான் சிவப்பாக ஒளிர்வதைக் காட்டினார். அதன்பிறகுதான் கூட்டம் கூடியது. ஒளிரும் சிலிக்கானைத் தேடி வந்த கூட்டம் அது. சென்சார் வேலை அதன் ஓரத்தில் மெதுவாக வளர்ந்தது.

முடித்து எடுத்து, எத்தனாலில் கழுவி, பென்டேனில் முக்கி உலர்த்துவோம். தண்ணீரில் இருந்து நேரே உலர்த்தினால் அதன் பரப்பு இழுவிசையே சுவர்களை இழுத்து உடைத்துவிடும், படலம் முழுக்க வெடிப்பு ஓடும். நன்றாக உலர்ந்த சில்லு பார்க்கக் கரையான் அரித்த மரம் போலத்தான்: மேலே முழுசாக, வழவழப்பாக இருக்கும், உள்ளே பாதிக்கு மேல் காற்று. பச்சை ஒளியைத் திருப்பும்படி அடுக்கிய சில்லு ஒன்றை மேசைமேல் வைத்து, அதற்குப் பக்கத்தில் ஸ்பிரிட் குப்பியின் மூடியைத் திறந்து பாருங்கள். குப்பி இருக்கும் பக்கத்து விளிம்பிலிருந்து பச்சை மஞ்சளாகும், மஞ்சள் செம்மஞ்சளாகும். நிறம் சில்லின் குறுக்கே நடந்து போவதைக் கண்ணால் பார்க்கலாம். மூடினால் வந்த வழியே திரும்பும். ஆவி துளைக்குள் புகுந்து திரவமாகப் படிந்து, காற்று இருந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒளிவிலகல் எண் ஏறுகிறது. நிறம் சிவப்பை நோக்கி நகர்கிறது.

திறந்த நாள் விழாக்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் நகர மாட்டார்கள். எனக்கும் அலுக்கவில்லை. ஆனால் இதைக் கேஸ் சென்சார் என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எது புகுந்தாலும் நிறம் மாறும். எத்தனாலா, அசிட்டோனா, வெறும் தண்ணீரா என்று அந்தச் சிவப்பு சொல்லாது. மீத்தேன் சாதாரண வெப்பத்தில் துளைக்குள் திரவமாகப் படியவும் செய்யாது, அதனால் நிறமும் அசையாது. ஆய்வுக் கட்டுரைகளில் இந்த நிற நகர்வை வைத்தே சென்சார் என்று தலைப்பிடுவது நிறைய. எந்த வாயு என்று சொல்லாத கருவியால் பெரியப்பாவுக்கு என்ன பயன்? அடையாளம் அந்த 3.3 மைக்ரோமீட்டரில் இருக்கிறது. அங்கேதான் பார்க்க வேண்டும்.

அகச்சிவப்பில் துளை விட்ட சிலிக்கானுக்கு இரண்டு வேலை கொடுக்கலாம். ஒன்று, வடிகட்டி. சந்தையில் இருக்கும் அகச்சிவப்பு வாயு சென்சாரைப் பிரித்தால் உள்ளே ஒரு சின்ன விளக்கு, வாயு போய்வர ஒரு குழி, அந்தப் பக்கம் இரண்டு உணரிகள் இருக்கும். ஓர் உணரியின் முன்னால் வாயுவின் அலைநீளத்தை மட்டும் விடும் வடிகட்டி. இன்னொன்றின் முன்னால் 3.9 அல்லது 4 மைக்ரோமீட்டர் வடிகட்டி. வழக்கமான வாயுக்கள் எதுவும் அந்த இடத்தில் விழுங்காது. விளக்கு மங்கினாலும் தூசி படிந்தாலும் இரண்டும் சேர்ந்தே குறையும், விகிதம் மாறாது. இந்த வடிகட்டியை மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்தே செய்துவிடலாம். 3.3 மைக்ரோமீட்டருக்கு அடர்த்தியான அடுக்கு 0.39 மைக்ரோமீட்டர், காற்று அதிகமுள்ள அடுக்கு 0.53. இப்படிப் பல ஜோடி, நடுவே ஒரு இரட்டைத் தடிமன் அடுக்கு, மறுபடி பல ஜோடி. நடு அடுக்குக்குப் பொருந்தும் அலைநீளம் மட்டும் குறுகலாகக் கடந்து வரும்.

கண்ணுக்குத் தெரியும் பச்சைக்குச் செய்வதைவிட ஒவ்வொரு அடுக்கும் ஆறு மடங்கு தடிமன் என்பதுதான் இதில் சிரமம். ஆழம் போகப் போக அடிநுனியில் அமிலம் தீர்ந்துபோகும், கீழ் அடுக்குகள் மேல் அடுக்குகளைப் போல வராது. அதனால் இடையிடையே மின்னோட்டத்தை நிறுத்தி, புது அமிலம் இறங்க நேரம் விட வேண்டும். இன்னொன்று, அழகாகத் துளை விடும் அதிக மாசூட்டிய (வேற்றணுக்கள் அதிகம் சேர்த்த) வேஃபர், அகச்சிவப்பை உள்ளேயே விழுங்கிவிடும். அதில் தாராளமாக உலவும் மின்னூட்டங்கள் நீண்ட அலைநீளத்தை விடாது. ஆகவே கடைசியில் மின்னோட்டத்தைப் பல மடங்கு ஏற்றிப் படலத்தை வேஃபரிலிருந்து உரித்தெடுக்க வேண்டும். உரித்த படலம் மூச்சுக்காற்றில் பறக்கும், சாமணத்தின் நுனி பட்டாலே நொறுங்கும். அதைச் சட்டத்தில் ஏற்றி முழுசாகக் காப்பாற்றும் மாணவியின் கைப்பக்குவத்துக்கு என் ஆய்வேடு கடன்பட்டிருக்கும்.

இரண்டாவது வேலைதான் எனக்கு நெருக்கமானது: ஒளி ஓடும் பாதையையே துளை விட்ட சிலிக்கானில் செய்வது. கட்டியான சிலிக்கானில் மெல்லிய ஒளிப்பாதை அமைத்தால் ஒளியின் பெரும்பங்கு உள்ளே ஓடும், வெளியே கசிந்து நிற்கும் ஓரம் மட்டும்தான் வாயுவைத் தொடும். பாதை துளை விட்டதாக இருந்தால் வாயு ஒளியின் நடுவுக்கே வந்துவிடும். கீழே காற்று அதிகமுள்ள அடுக்கு, மேலே அடர்த்தியான அடுக்கு. ஒளி மேலடுக்கிலேயே அடைபட்டு ஓடும். வாயு அந்த அடுக்கின் துளைகளிலேயே இருக்கும். ஒளியும் வாயுவும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. சில்லின் மேல் பாதையைச் சுருட்டி நீளமாக்கினால் நெடுந்தூரம் சந்திக்கும். பலூனுக்குள் மீத்தேன் பாதிக்கு மேல் இருப்பதால் அங்கே சில மில்லிமீட்டர் குழியே போதும். ஆனால் குழாய் மூட்டில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க, மீத்தேன் காற்றில் 5 சதவீதம் சேர்ந்து வெடிக்கும் அளவுக்கு வருவதற்கு வெகுமுன்பே தெரிய வேண்டும். அவ்வளவு சொற்ப வாயுவுக்குத்தான் நீண்ட பாதை வேண்டும், அதைச் சின்னச் சில்லுக்குள் அடக்க இந்தப் பொருள் வேண்டும்.

கேட்க நன்றாக இருக்கிறது. இனிதான் நான் சொல்ல வந்தது. இப்படி ஒரு கன சென்டிமீட்டர் பொருளுக்குள் சில நூறு சதுர மீட்டர் சுவர் இருக்கிறது. அவ்வளவு சுவர் இருக்கும்போது, சுவரின் மேல் ஒட்டியிருக்கும் ஒற்றை அணு அடுக்கு கூட ஸ்பெக்ட்ரத்தில் (எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி வந்தது என்ற வரைவில்) உரக்கப் பேசும். புதிதாகச் செய்த சில்லின் சுவர் முழுக்க ஹைட்ரஜன். சிலிக்கான்-ஹைட்ரஜன் பிணைப்பு 4.75 மைக்ரோமீட்டர் அருகே அகலமாக விழுங்கி, வரைவில் ஒரு பள்ளம் விடும். அது கார்பன் மோனாக்சைடின் இடத்துக்குப் பக்கத்து வீடு. சும்மா வைத்திருந்தாலே காற்றில் ஆக்சிஜன் மெல்ல ஏறும். அப்போது அந்தப் பள்ளம் 4.4-ஐ நோக்கி நகரும், கார்பன் டை ஆக்சைடின் வாசலுக்கு வந்துவிடும். அதோடு 9 மைக்ரோமீட்டரில் சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பு நாளுக்கு நாள் ஆழமாகும். இன்று அளவுத்திருத்தம் செய்த சில்லு அடுத்த மழைக்காலத்தில் வேறு சில்லு. ஆகவே நாமே முந்திக்கொண்டு உலையில் வைத்து ஆக்சைடு ஏற்றி, மாறுவது மாறி முடியட்டும் என்று செய்துவிடுவது நல்லது. விலகல் எண் குறையும், அதை முன்னமே கணக்கில் சேர்த்து அடுக்க வேண்டும்.

ஆக்சைடு ஏறிய சுவருக்குத் தண்ணீர் பிடிக்கும். இதைச் சோதிக்க நமக்குப் பக்கத்திலேயே ஒரு இடம் இருக்கிறது. பயோகேஸ் தொட்டியிலிருந்து வரும் வாயு ஈரம் நிறைந்து வரும். ஏற்காட்டின் மழைக்காலக் காற்றும் அப்படித்தான். சில்லுகளையும் கையடக்க ஸ்பெக்ட்ரோமீட்டரையும் எடுத்துக்கொண்டு மாணவர்களோடு மலை ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, ஏரிக்குப் பக்கத்தில் மூடுபனி இறங்கியபோது பெட்டியைத் திறந்தோம். ஆக்சைடு ஏற்றிய சில்லு நிறம் மாறியது, மாறியபடியே நின்றது. எந்த அகலத் துளையில் எந்த ஈரப்பதத்தில் ஆவி திரவமாகும் என்று சொல்லக் கெல்வின் சமன்பாடு இருக்கிறது: 10 நானோமீட்டர் அகலத் துளையில், சுவர் நன்றாக நனையக்கூடியதாக இருந்தால், 80 சதவீத ஈரப்பதத்திலேயே தண்ணீர் திரவமாக நிரம்பிவிடும். மூடுபனி வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஏற்காட்டின் சாதாரண மழை நாள் போதும். துளை தண்ணீரால் அடைபட்டால் மீத்தேன் புக இடமில்லை. அதோடு திரவத் தண்ணீர் 3 மைக்ரோமீட்டரைச் சுற்றி அகலமாக விழுங்கும். அதன் வால் மீத்தேன் இருக்கும் இடம்வரை நீளும்.

அதே பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. கூடவே கொண்டுபோன கடைச் சரக்கு கார்பன் டை ஆக்சைடு மீட்டர், சேலத்தில் காட்டியதைவிட மேலே கணிசமாகக் குறைத்துக் காட்டியது. "ஏற்காட்டுல காத்து சுத்தம் மேடம், அதான்" என்றான் ஒரு மாணவன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். காரணம் அதுவல்ல. ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலத்தைவிட அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. கார்பன் டை ஆக்சைடின் விகிதம் இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், இன்று உலகெங்கும் பத்து லட்சத்தில் 420-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் அகச்சிவப்புக் கருவி எண்ணுவது ஒளியின் பாதையில் நிற்கும் மூலக்கூறுகளை. அழுத்தம் குறைந்தால் மூலக்கூறுகள் குறையும், கருவியும் குறைத்துச் சொல்லும். அழுத்தத்தைத் தனியாக அளந்து திருத்த வேண்டும். பஸ் இறங்குவதற்குள் இதை அவர்களாகவே தாளில் போட்டுச் சரிபார்த்துவிட்டார்கள். வகுப்பில் ஒரு மாதம் நடத்தினாலும் இந்தத் தெளிவு வந்திருக்காது.

இறங்கும் வழியில் சேலத்தின் வெள்ளைக்கல் குன்றுகள் தெரியும். அந்த மேக்னசைட் கல்லைச் சூளையில் சுட்டால் எடையில் பாதிக்கும் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடாகவே போய்விடும். நம் ஊரில் இந்த வாயுவை அளக்க இடத்துக்குப் பஞ்சமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, தண்ணீருக்கு வருவோம். வழக்கமான பதில், சுவருக்குத் தண்ணீர் ஒட்டாத பூச்சு கொடுப்பது. நீளமான ஹைட்ரோகார்பன் சங்கிலியைச் சுவரில் நட்டுவிட்டால் தண்ணீர் வராது. ஆனால் அந்தச் சங்கிலி முழுக்கக் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு. அது 3.4, 3.5 மைக்ரோமீட்டரில் விழுங்கும். மீத்தேனைத் தேடுகிறவர் மீத்தேனின் உறவுக்காரரையே சுவர் முழுக்கக் குடிவைத்த கதை. அசிட்டிலீனில் சூடாக்கும் முறையும் இருக்கிறது. 500 டிகிரி அளவில் செய்தால் தண்ணீர் ஒட்டாது, ஆனால் அதே கார்பன்-ஹைட்ரஜன் தங்கிவிடும். 800 டிகிரிக்கு மேல் போனால் அந்தப் பிணைப்பு போய்விடும், சுவர் உறுதியாகும், ஆனால் மறுபடி தண்ணீர் பிடிக்கும். ஃபுளோரின் சங்கிலி இருக்கிறது. கார்பன்-ஃபுளோரின் 8 மைக்ரோமீட்டர் பக்கம் விழுங்குவதால் மீத்தேனுக்குத் தொந்தரவு குறைவு. ஆனால் சுவரில் சங்கிலியை நட வழக்கமாகக் கிடைக்கும் சிலேன் என்னும் சேர்மங்களில் சிலிக்கானுக்கும் ஃபுளோரின் பகுதிக்கும் நடுவே இரண்டு சாதாரணக் கார்பன்-ஹைட்ரஜன் கண்ணிகள் இருக்கும். முற்றிலும் சுத்தம் என்று சொல்ல முடியாது.

பூச்சைவிடச் சூடு மேல் என்பது என் கட்சி. 25 டிகிரியில் ஈரம் நிறைந்த வாயுவை 45 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் மூன்றில் ஒரு பங்காக விழுந்துவிடும். கெல்வின் கணக்குப்படி 10 நானோமீட்டர் துளையில் தண்ணீர் நிற்க வாய்ப்பே இல்லை. சில்லு சின்னது, அதன் முதுகில் மெல்லிய சூடேற்றி ஒட்டினால் போதும். ஈரத்தை விரட்ட ரசாயனத்தைத் தேடி, அந்த ரசாயனத்தின் சுவடு ஸ்பெக்ட்ரத்தில் ஏறி, அதைக் கழிக்க இன்னொரு கணக்கு என்று போவதைவிட இது நேர்வழி. கட்டுரைகளில் புதுப் பூச்சுக்கு இருக்கும் மதிப்பு ஒரு சூடேற்றிக்கு இல்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

வடிகட்டி வேலைக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வடிகட்டிக்குள் வாயு புக வேண்டியதில்லை. ஆக்சைடு ஏற்றி, உலர்ந்த நைட்ரஜனில் வைத்து உணரியின் மூடிக்குள் அடைத்துவிட்டால் துளைகள் அப்படியே இருக்கும். முதலில் கைகூடப்போவது இதுதான் என்று நினைக்கிறேன். ஒளிப்பாதைக்கு இன்னும் காலம் பிடிக்கும்.

பெரியப்பாவுக்கு இப்போதைக்குச் சந்தையில் விற்கும் இரட்டை உணரி அகச்சிவப்புக் கருவியை வாங்கி மாட்டியிருக்கிறோம். குழாயில் ஒரு ஈரப்பொறி, அதற்கு முன்னால் துருப்பிடித்த இரும்புச் சீவல் நிரப்பிய உருளை; ஹைட்ரஜன் சல்பைடை இரும்புத் துரு பிடித்துக்கொள்ளும். சல்பைடை அகச்சிவப்பில் அளக்கப் போராடக் கூடாது, அது மிக மங்கலாகத்தான் விழுங்கும்; அதற்கு மின்வேதி சென்சார்தான் சரி. மீத்தேன் விழுகிற நாளில் தொட்டிக்குப் போகும் தண்ணீரை மட்டுப்படுத்திச் சுண்ணாம்பு போடுகிறார்கள், ஜென்செட் திணறுவது குறைந்திருக்கிறது. "இதையே நீ செஞ்சு குடுத்தா என்ன கண்ணு, காசு கம்மியாகுமில்ல" என்று கேட்டார். "வடிகட்டி மட்டும் முதல்ல செய்யறேங்க பெரியப்பா" என்றேன். அதே கருவியில் அவர்கள் போட்டிருக்கும் 3.3 மைக்ரோமீட்டர் வடிகட்டியைக் கழற்றிவிட்டு எங்களுடையதை வைத்து, ஒரே குழாயில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். குழாய் மூட்டுகளில் கசிவு பார்க்க ஆலையில் இன்னும் சோப்பு நுரைதான் தடவுகிறார்கள். ஒளிப்பாதைச் சில்லு தயாரானால் முதலில் ஜென்செட்டுக்குப் பக்கத்து வால்வில் வைக்கப்போகிறேன். அங்கே அதிர்வும் சூடும் இருப்பதால் மூட்டு அடிக்கடி தளர்கிறது.